தன்னைத் தானே தேடிய உளவாளி!

22 ஆண்டு டிமிக்கி கொடுத்த எப்.பி.ஐ. அதிகாரி மாட்டியது எப்படி? சினிமாவாக வந்த உண்மைக் கதை

திருடனைக் கண்டுபிடிக்கும் வேலையைத் திருடனிடமே கொடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ.யில் அதுதான் நடந்தது. இலாகாவுக்குள் ஒரு கருங்காலி இருக்கிறான், அவன் யார் என்று பார் என்று ஓர் அதிகாரியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். கருங்காலியே அந்த அதிகாரிதான்!

அவர் பெயர் ராபர்ட் ஹான்சென். 1979-ம் ஆண்டில் ஆரம்பித்து 2001-ம் ஆண்டு வரை, நடுநடுவே விட்டுவிட்டு, அமெரிக்காவின் ரகசியங்களை ரஷியர்களுக்கு விற்றார். ஒரு பக்கம் அமெரிக்கச் சம்பளம். மறுபக்கம் ரஷியப் பணம்.

அவரைக் கையும் களவுமாகப் பிடித்த கதைதான் "பிரீச்" என்ற ஆங்கிலப் படம். 2007-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. டைரக்ஷன் பில்லி ரே. ஹான்செனாக நடித்தவர் கிறிஸ் கூப்பர்.

உளவாளி படம் என்றதும் துப்பாக்கிச் சண்டை, கார் துரத்தல், ஹெலிகாப்டர் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இதில் அதெல்லாம் கிடையாது. ஓர் ஆபீஸ் அறை. ஒரு மேலதிகாரி. அவருக்குக் கீழே ஓர் இளைஞர். அவ்வளவுதான்! ஆனாலும் சீட்டை விட்டு எழுந்திருக்க மனம் வராது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முதல் காட்சியிலேயே முடிவு

2001-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந்தேதி அமெரிக்க அட்டார்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராப்ட் நிருபர்களைக் கூட்டி, எப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டார் என்று அறிவித்தார். அந்த நிஜச் செய்திப் படத்தோடுதான் சினிமாவே தொடங்குகிறது.

அதாவது, ஆள் மாட்டிவிட்டார் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்து விடுகிறது. எப்படி மாட்டினார் என்பதுதான் மீதிப் படம்.

போலீஸ்காரர் மகன்

ஹான்சென் 1944-ம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். மகன் பல் டாக்டருக்குப் படிக்கப் போனார். பிடிக்கவில்லை. பாதியில் விட்டார். கணக்கு, வியாபாரம் பக்கம் திரும்பினார்.

பிறகு சிகாகோ போலீசில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, தப்பு செய்யும் போலீஸ்காரர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில்! 1976-ம் ஆண்டு ஜனவரியில் எப்.பி.ஐ.க்குப் போனார்.

வீட்டில் மனைவி, 6 குழந்தைகள். தினமும் மாதா கோவிலுக்குப் போவார். கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுவார். எப்போதும் கறுப்பு சூட்தான். முகத்தில் சிரிப்பைக் காண முடியாது. சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர், "சவ அடக்கக்காரர்".

இப்படிப்பட்ட ஆசாமியை யார் சந்தேகப்படுவார்கள்?

முதல் விற்பனை

வேலையில் சேர்ந்து 3 ஆண்டுதான் ஆகியிருந்தது. 1979-ம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு சோவியத் வியாபாரக் கம்பெனியின் வாசலை மிதித்தார். வெளியே கம்பெனி, உள்ளே ரஷிய ராணுவ உளவுப்பிரிவு!

அங்கே அவர் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் டிமித்ரி போல்யாகோவ். சோவியத் ராணுவ ஜெனரல். பல ஆண்டுகளாக அமெரிக்காவுக்கு ரகசியமாக உதவி வந்தவர். புதுடெல்லியில் உள்ள சோவியத் தூதரகத்திலும் வேலை பார்த்தவர். 1980-ம் ஆண்டு டெல்லியில் இருந்து அவரை மாஸ்கோவுக்கு அழைத்துக் கொண்டார்கள். 1986-ல் கைது. 1988-ல் மரண தண்டனை.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஹான்சென் மட்டும் அல்ல. சி.ஐ.ஏ.வில் இருந்த ஆல்டிரிச் ஏம்ஸ் என்ற இன்னொரு துரோகியும் 1985-ல் அதே பெயரைக் கொடுத்தார். ஆனால் முதலில் வாயைத் திறந்தவர் ஹான்சென்தான்.

மனைவி கண்ட காட்சி

1980-களின் ஆரம்பத்தில் ஒரு நாள். வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து ஹான்சென் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மனைவி திடீரென்று உள்ளே வந்தார். காகிதத்தை அவசர அவசரமாக மறைத்தார் கணவர். மனைவிக்குச் சந்தேகம். வேறு பெண்ணோ என்று துருவித் துருவிக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் ஹான்சென் விஷயத்தைச் சொன்னார். ஆனால் பாதியைத்தான் சொன்னார். ரஷியர்களுக்கு உதவாத காகிதங்களைக் கொடுத்துப் பணம் பறித்தேன், அவர்களை ஏமாற்றினேன் என்று கதை விட்டார்.

மனைவி அவரைப் பாதிரியாரிடம் அழைத்துப் போனார். அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடு என்றார் பாதிரியார். கல்கத்தாவில் இருந்த அன்னை தெரசாவின் தர்ம ஸ்தாபனத்துக்குத் தவணை முறையில் அனுப்பி வருவதாக ஹான்சென் மனைவியிடம் சொன்னார். இனிமேல் செய்யமாட்டேன் என்றும் சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியம் நாலைந்து ஆண்டுதான் தாங்கியது.

ஒரு கடிதம், 3 பெயர்

1985-ம் ஆண்டு அக்டோபர் மாதம். வாஷிங்டன் அருகே குடியிருந்த ஒரு கே.ஜி.பி. அதிகாரியின் வீட்டுக்குத் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே இன்னொரு கவர். பிரிக்காமல் விக்டர் செர்காஷினிடம் கொடுக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. செர்காஷின்தான் வாஷிங்டன் சோவியத் தூதரகத்தில் இருந்த கே.ஜி.பி.யின் பெரிய புள்ளி.

கடிதம் எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. 1 லட்சம் டாலர் கேட்டார். தன் பேச்சை நம்புவதற்கு அத்தாட்சியாக, அமெரிக்காவுக்கு உதவி வந்த 3 ரஷியர்களின் பெயரைக் கொடுத்தார். மார்டினோவ், மோடோரின், யூஷின்.

இந்த 3 பேரையும் சில மாதங்களுக்கு முன்பே ஏம்ஸ் காட்டிக்கொடுத்திருந்தார். இப்போது இரண்டாவது சாட்சியும் கிடைத்தது. மார்டினோவும் மோடோரினும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யூஷின் சிறைக்குப் போனார். 1992-ல்தான் வெளியே வந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹான்சென் கடைசிவரை ரஷியர்களிடம் தன் நிஜப் பெயரைச் சொல்லவே இல்லை. "ரமோன் கார்சியா" என்ற கற்பனைப் பெயரில்தான் கடிதப் போக்குவரத்து. நேரில் சந்திக்கவும் மறுத்துவிட்டார். பூங்காவில் பாலத்துக்கு அடியில் குப்பைப் பையில் காகிதங்களை வைப்பார். ரஷியர்கள் எடுத்துக்கொண்டு பணத்தை வைப்பார்கள். பணம் கொடுத்தவர்களுக்கே ஆள் யார் என்று தெரியாது!

வாஷிங்டனில் சோவியத் தூதரகத்தின் அடியில் எப்.பி.ஐ. ரகசியமாக ஒரு சுரங்கம் தோண்டியிருந்தது. உள்ளே பேசுவதை ஒட்டுக்கேட்கத்தான். கோடிக்கணக்கான டாலர் செலவு. அந்த ரகசியத்தையும் ஹான்சென் விற்றார். சுரங்கம் வீண்!

தேடச் சொன்னார்கள்

1987-ம் ஆண்டு. நம்முடைய ஆட்கள் ரஷியாவில் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்களே, யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று எப்.பி.ஐ. மண்டையைப் பிய்த்துக்கொண்டது. பழைய பைல்களை எல்லாம் புரட்டி அலசிப் பார்க்கும் வேலை யார் கைக்குப் போனது தெரியுமா? ஹான்சென் கைக்கு!

மார்டினோவையும் மோடோரினையும் காட்டிக்கொடுத்த கருங்காலியை அவர் தேட வேண்டும். தன்னைத் தானே தேட வேண்டும். தேடினார். தன் பக்கம் யார் பார்வையும் திரும்பாமல் பார்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அந்த ஆராய்ச்சியையும் முழுசாக ரஷியர்களுக்கு விற்றுவிட்டார்!

சொன்னார்கள், கேட்கவில்லை

இந்த மனிதரை யாருமே சந்தேகப்படவில்லையா? பட்டார்கள். அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சலான பகுதி.

1990-ம் ஆண்டில் ஹான்செனின் மைத்துனரே புகார் சொன்னார். மனைவியின் உடன்பிறந்த அவரும் எப்.பி.ஐ. அதிகாரிதான். ஹான்சென் வீட்டு அலமாரி மேல் கட்டுக் கட்டாக ரொக்கம் இருந்தது என்று உறவுக்குள் பேச்சு அடிபட்டது. இவரைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று மைத்துனர் தன் மேலதிகாரியிடம் சொன்னார். நடவடிக்கை இல்லை.

1993-ம் ஆண்டில் ஹான்சென் ஒரு ரஷிய ராணுவ உளவு அதிகாரியைக் கார் நிறுத்தும் இடத்தில் வழிமறித்தார். நான் எப்.பி.ஐ. ஆள், ரமோன் கார்சியா என்று சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டினார். அந்த ரஷியருக்கு ஒன்றும் புரியவில்லை. இது ஏதோ பொறி என்று நினைத்துக் காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். ரஷியா அமெரிக்காவிடம் முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. உங்கள் ஆள் ஒருவர் எங்கள் ஆளை மடக்கப் பார்த்தார் என்று ரஷியாவே சொன்ன பிறகும், அது யார் என்று எப்.பி.ஐ. கண்டுபிடிக்கவில்லை.

அதே ஆண்டில் தன் மேலதிகாரியின் கம்ப்யூட்டருக்குள் ஹான்சென் புகுந்தார். பிறகு அவரே போய், பாருங்கள், நம் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிப் பாராட்டு வாங்கப் பார்த்தார். அதையும் நம்பினார்கள்!

1997-ம் ஆண்டில், ரஷியாவுக்கு உளவு பார்த்துச் சிக்கிய ஏர்ல் பிட்ஸ் என்ற இன்னொரு எப்.பி.ஐ. அதிகாரியிடம் விசாரணை நடந்தது. உன்னைத் தவிர வேறு யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். ஹான்சென் பெயரைச் சொன்னார் பிட்ஸ். அதுவும் பைலோடு போயிற்று.

அப்பாவி தலையில் பழி

1994-ம் ஆண்டு பிப்ரவரியில் சி.ஐ.ஏ.வின் ஆல்டிரிச் ஏம்ஸ் கைதானார். அப்பாடா, கருங்காலி ஒழிந்தான் என்று பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஏம்சுக்குத் தெரிந்திருக்கவே முடியாத சில ரகசியங்களும் கசிந்திருந்தன. இன்னொருவன் இருக்கிறான்!

எப்.பி.ஐ.யின் சந்தேகம் யார் மேல் விழுந்தது? தன் ஆட்கள் மேல் அல்ல. பக்கத்து இலாகாவான சி.ஐ.ஏ. மேல். அங்கே பிரையன் கெல்லி என்ற அதிகாரி சிக்கினார். உளவாளி காகிதம் வைத்த பூங்கா கெல்லியின் வீட்டுக்குப் பக்கம். தினமும் ஓட்டப் பயிற்சிக்காக அவர் கையால் வரைந்து வைத்திருந்த வரைபடம்கூட உளவாளியின் வரைபடம் போலத் தெரிந்தது.

பொய் கண்டுபிடிக்கும் கருவியில் வைத்துச் சோதித்தார்கள். கெல்லி பாஸ் ஆனார். அடேயப்பா, கருவியையே ஏமாற்றும் கில்லாடி என்றார்கள்!

முன்பின் தெரியாத ஆள் ஒருவரைக் கெல்லியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். உன்னைப் பிடிக்கப் போகிறார்கள், ஓடிவிடு என்று அந்த ஆள் சொன்னார். கெல்லி ஓடவில்லை. மறுநாள் நேராக ஆபீசுக்குப் போய், இப்படி ஓர் ஆள் வந்தான் என்று புகார் கொடுத்தார். அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

1999-ம் ஆண்டு ஆகஸ்டில் கெல்லியை வேலையில் இருந்து ஒதுக்கி வைத்தார்கள். மகள் உள்பட குடும்பத்தாரையும் குடைந்தார்கள். ஒரு பாவமும் அறியாத மனிதர், உளவாளி என்ற பட்டத்தோடு ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டில் முடங்கிக் கிடந்தார். அசல் ஆள் சிக்கிய பிறகுதான் மன்னிப்புக் கேட்டு மறுபடி வேலைக்கு அழைத்தார்கள். கெல்லி 2011-ல் இறந்துபோனார்.

70 லட்சம் டாலர் பார்சல்

கடைசியில் துப்பு எங்கிருந்து வந்தது? ரஷியாவில் இருந்து!

முன்னாள் கே.ஜி.பி. ஆள் ஒருவரிடம் எப்.பி.ஐ. பேரம் பேசியது. விலை 70 லட்சம் டாலர். 2000-ம் ஆண்டு இறுதியில் பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே உளவாளியின் பைல், கடிதங்கள், ஒரு டேப், ஒரு குப்பைப் பை.

டேப்பில் இருந்தது 1986-ம் ஆண்டு டெலிபோன் பேச்சு. உளவாளியும் ஒரு கே.ஜி.பி. அதிகாரியும் பேசுகிறார்கள். கெல்லியின் குரல் கேட்கப் போகிறது என்று காதைத் தீட்டி உட்கார்ந்தவர்களுக்கு அதிர்ச்சி. அது கெல்லி அல்ல! ஆனால் எங்கேயோ கேட்ட குரல்.

பைலில் இருந்த கடிதங்களைப் புரட்டினார்கள். ஜப்பானியரைத் திட்டி ஜெனரல் பேட்டன் சொன்னதாகக் கூறப்படும் ஒரு கொச்சை வார்த்தை அதில் இருந்தது. பாப் கிங் என்ற அதிகாரிக்குச் சட்டென்று பொறி தட்டியது. அதே வார்த்தையை ஹான்சென் வாயால் அவர் கேட்டிருக்கிறார்! மறுபடி டேப்பைப் போட்டார்கள். சந்தேகமே இல்லை. ஹான்சென் குரல்தான்!

குப்பைப் பையில் 2 கைரேகை கிடைத்தது. அதுவும் ஹான்சென் ரேகைதான்.

ஆயிரம் பைல் புரட்டியும் கிடைக்காத ஆள், ஒரு கொச்சை வார்த்தையிலும் ஒரு குப்பைப் பையிலும் மாட்டினார்.

9930-ம் நம்பர் அறை

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா? இல்லை. கோர்ட்டில் நிற்க வேண்டுமே! சரக்கைக் கைமாற்றும்போது பிடித்தால்தான் கேஸ் நிற்கும். நேரமோ குறைவு. 2001-ம் ஆண்டு ஏப்ரலில் ஹான்செனுக்கு 57 வயது. ரிட்டயர் ஆகவேண்டும்.

இங்கேதான் படத்தின் கதை ஆரம்பம்.

வெளிவிவகார இலாகாவில் இருந்த ஹான்சென்னுக்கு எப்.பி.ஐ. தலைமை ஆபீசில் ஒரு பொய்யான பிரமோஷன் கொடுத்து வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் புதுப்பிரிவு என்றார்கள். 9930-ம் நம்பர் அறை. உள்ளே ரகசியக் காமிரா, ஒலிப்பதிவுக் கருவி. உதவிக்கு ஓர் இளைஞர்.

அந்த இளைஞர்தான் எரிக் ஓ'நீல். வயது 27. ஆட்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கும் வேலையில் இருந்தவர். முழு அதிகாரிகூட இல்லை. அதிகாரி ஆகவேண்டும் என்று ஆசை. மாலையில் சட்டக்கல்லூரி. புதுசாகக் கல்யாணம் ஆனவர். மனைவியிடம்கூட வாயைத் திறக்கக்கூடாது.

படத்தில் எரிக்காக நடித்தவர் ரியான் பிலிப்பி. அவருக்கு உத்தரவு கொடுக்கும் பெண் அதிகாரியாக லாரா லின்னி.

ஒரே அறையில் நாள் முழுவதும் இரண்டு பேர். மேலதிகாரி உதவியாளரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். உதவியாளர் மேலதிகாரியைப் பார்க்காதது போலப் பார்க்கிறார். நீ பொய் சொல்கிறாய் என்று கண்டுபிடிப்பதில் அந்தப் பெரியவர் மன்னன். அவரிடமே பொய் சொல்ல வேண்டும். ஆபீஸ் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் காட்சிகளில் வயிற்றைக் கலக்கும்.

கிறிஸ் கூப்பரின் நடிப்பு பிரமாதம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இரண்டு அடி நெருங்கி வந்து கேள்வி கேட்கும்போது, எரிக்குக்கு மட்டும் அல்ல, பார்க்கிறவர்களுக்கும் வியர்க்கிறது.

பாக்கெட்டில் இருந்த ரகசியம்

ஹான்செனிடம் ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர் உண்டு. "பாம் பைலட்" என்று பெயர். டைரி மாதிரி. அதை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பார். இதில் ஏதோ இருக்கிறது என்று எரிக் மோப்பம் பிடித்தார்.

அதை எப்படி எடுப்பது? அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். மேலதிகாரிகள் வந்து, வாருங்கள், துப்பாக்கி சுடப் பழகலாம் என்று ஹான்சென்னை அழைத்துப் போனார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் எரிக் அவருடைய பையில் கையை விட்டார். கருவியை எடுத்துக்கொண்டு வேறு மாடிக்கு ஓடினார். அங்கே தயாராக இருந்த நிபுணர்கள் உள்ளே இருந்ததை எல்லாம் நகல் எடுத்தார்கள்.

திரும்ப ஓடிவந்தபோதுதான் எரிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையில் பல அறைகள். எந்த அறையில் இருந்து எடுத்தோம் என்பது மறந்துவிட்டது! வெளியே ஹான்சென் வரும் சத்தம். ஏதோ ஓர் அறையில் போட்டு மூடிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டார்.

ஹான்சென் வந்து, என் அறைக்குள் போனாயா என்று கேட்டார். எரிக் சமாளித்தார். பிழைத்தார். அடுத்த கைமாற்றம் எப்போது என்ற துப்பு அந்தக் கருவியில் இருந்துதான் கிடைத்தது என்று எரிக் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

பாலத்துக்கு அடியில் பொட்டலம்

2001-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையத்தில் ஒரு நண்பரை இறக்கிவிட்டு, வர்ஜீனியா மாநிலம் வியன்னா ஊரில் உள்ள பாக்ஸ்டோன் பூங்காவுக்கு ஹான்சென் காரை ஓட்டி வந்தார். அவர் குடியிருந்த ஊரும் அதுதான். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு வீட்டையே விலைக்கு வாங்கி அதில் உட்கார்ந்து எப்.பி.ஐ. கண்காணித்து வந்தது அவருக்குத் தெரியாது.

பூங்கா பெயர்ப் பலகையில் வெள்ளை நாடாவை ஒட்டினார். சரக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மரப்பாலத்தின் அடியில் குப்பைப் பையைச் செருகினார். திரும்பிக் காருக்கு நடந்தார்.

சுற்றி மறைந்திருந்த அதிகாரிகள் பாய்ந்து வளைத்துக்கொண்டார்கள். கையில் விலங்கு! ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்று அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

அந்தப் பொட்டலத்தில் ஒரு கடிதம் இருந்தது. தன்னை வேலை இல்லாத ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள், ஏதோ நடக்கிறது என்று ரஷியர்களுக்கு எழுதியிருந்தார். ஆக, மோப்பம் பிடித்துவிட்டார். ஆனாலும் கடைசியாக ஒரு முறை பொட்டலம் வைக்க வந்தார்.

அவருக்காக ரஷியர்கள் வைத்த 50 ஆயிரம் டாலர், ஆர்லிங்டனில் வேறொரு பூங்காவில் காத்துக் கிடந்தது. எடுக்க ஆள் வரவில்லை.

படத்தில் சேர்த்தது

சினிமாவுக்காகச் சில மாற்றங்கள் உண்டு. மேலதிகாரியின் ஒழுக்கக்கேட்டைக் கவனி என்று மட்டும் சொல்லி எரிக்கை அனுப்புவதாகவும், உளவு விவகாரம் பாதியில்தான் தெரிய வருவதாகவும் படத்தில் வருகிறது. நிஜத்தில், சந்தேகம் உளவு பற்றியது என்பது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அசல் எரிக்கே படத்துக்கு ஆலோசகராக இருந்தவர். பிறகு வக்கீல் ஆகிவிட்டார். எப்.பி.ஐ. வேலை வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டார்.

ஏன் செய்தார்?

பணத்துக்காகவா? ரொக்கமும் வைரமுமாக 6 லட்சம் டாலர் அவர் கைக்கு வந்தது. மாஸ்கோ பாங்கியில் 8 லட்சம் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். ஆனால் வீட்டில் ஆடம்பரம் இல்லை. சாதாரணக் கார்தான். கிளப்பில் நடனமாடிய ஒரு பெண்ணுக்கு மட்டும் நகையும் மெர்சிடஸ் காரும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அரசியல் கொள்கையா? கம்யூனிசத்தைத் திட்டித் தீர்த்தவர்.

இலாகா தன் திறமையை மதிக்கவில்லை என்ற பொருமல் அவருக்கு உண்டு என்பது படம் காட்டும் பக்கம். எல்லோரையும்விட நான்தான் புத்திசாலி என்ற எண்ணம். அதை நிரூபிக்க 22 ஆண்டு. விலை, அடுத்தவர் உயிர்.

25 ஆண்டில் ஒரு தடவைகூட இல்லை

தூக்குமேடை பயத்தில் ஹான்சென் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2001-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி, 15 குற்றச்சாட்டுகளுக்கும் ஆமாம் போட்டார். 2002-ம் ஆண்டு மே 10-ந்தேதி தீர்ப்பு. சாகும்வரை சிறை. பரோல் கிடையாது. குடும்பத்துக்குப் பென்ஷனில் ஒரு பங்கு கிடைக்க ஏற்பாடு ஆயிற்று.

கைதுக்குப் பிறகு எப்.பி.ஐ.யின் லட்சணத்தை ஆராய்ந்தார்கள். 25 ஆண்டு சர்வீசில் ஹான்செனைப் பொய் கண்டுபிடிக்கும் கருவியில் ஒரு தடவைகூட உட்கார வைக்கவில்லை என்பது தெரிந்தது. நிரபராதி கெல்லியை உட்கார வைத்தவர்கள், தன் வீட்டு ஆளைக் கேட்கவே இல்லை! வெளியே பூட்டுக்கு மேல் பூட்டு. உள்ளே சாவி திருடன் கையில்.

படத்தின் கடைசிக் காட்சியில், விலங்கு மாட்டிய ஹான்செனும் எரிக்கும் லிப்ட் அருகே எதிர்ப்படுகிறார்கள். எனக்காகப் பிரார்த்தனை செய் என்று கேட்கிறார் ஹான்சென். கண் கலங்கி இருக்கிறது. தியேட்டரில் பரிதாபம்கூட வரும். மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை நினைத்தால் அது வராது.

கொலராடோ மாநிலத்தில் உள்ள பலத்த காவல் சிறையில், ஒரு நாளைக்கு 23 மணி நேரம் தனி அறையில் ஹான்சென் அடைந்து கிடந்தார். 2023-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 79.